பட்டறைத் தூசியும் ஆட்டோபேஜி மாத்திரையும்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 54. மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்பார்மின் காலையும் இரவும், கிளிமிபிரைடு காலையில் மட்டும் ஒன்று. என் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோபேஜி, அதாவது செல் தன் கழிவைத் தானே அழிக்கிற வேலை, தொடங்குமாம், 36 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகுமாம், 72 மணி நேரத்தில் உடம்பே புதுசாகிவிடுமாம். மாதச் சஷ்டிக்கு எப்போதும் ஒருபொழுது இருக்கிறவன்தானே என்று போன சஷ்டிக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, மறுநாள் முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்தேன். மாத்திரையை விடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அப்படியே படுத்துவிட்டேன். வீடியோக்காரரிடம் போனில் சொன்னால், 'கழிவு வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம்' என்கிறார். கூடவே 'ஆட்டோபேஜி என்சைம்' என்று 60 கேப்சூல் 2,400 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். அட்டையில் பப்பைன், புரோமலைன், அமைலேஸ், லைபேஸ் என்று போட்டிருக்கிறது. என்சைம்தான் செல்லுக்குள் இருக்கிற கழிவை அழிக்கிறது என்பது நிஜமா? வாங்கலாமா? விரதத்தைத் தொடரலாமா? என் அண்ணனுக்குப் பார்க்கின்சன் நடுக்கம் இருக்கிறது. அதற்கும் இது கேட்கும் என்று சொல்கிறாரே?

பதில்:

அன்புள்ள ஐயா,

என்சைம், செல் எல்லாம் கொஞ்சம் இருக்கட்டும். முதலில் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

உங்களுக்கு வந்தது ரத்தச் சர்க்கரைத் தாழ்வு. கழிவு எதுவும் வெளியேறவில்லை. கை நடுக்கம், குப்பென்று வேர்வை, கண் இருட்டல், இனிப்பு உள்ளே போனதும் தெளிவு: பாடப் புத்தகத்தில் இருக்கிற வரிசை இதுதான். கிளிமிபிரைடு உங்கள் வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று விசாரித்துவிட்டு வேலை செய்கிற மருந்து இல்லை. போட்டால் கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே அனுப்பும், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க. சாப்பாடே இல்லாத உடம்பில் அந்த இன்சுலின் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். நீங்கள் கையில் ஊதுகுழலும் முன்னால் நெருப்புமாக உட்கார்ந்திருந்த நேரம் அது. வீட்டம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பிக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது 'அப்படியே படுத்துவிட்டேன்' என்ற வரி. இந்த வகை மருந்தால் வரும் தாழ்வு ஒரு காப்பியோடு போய்விடாது. இனிப்பு கரைந்ததும் மறுபடி இறங்கலாம், அதுவும் தூக்கத்தில். இனி எப்போதாவது இப்படி வந்தால், குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் (மீட்டர் கையில் இல்லாவிட்டால் அறிகுறியை மட்டும் வைத்தே), மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறது, குடிக்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்சைம்தான் செல்லுக்குள் கழிவை உடைக்கிறதா என்றால், ஆமாம், உண்மை. வீடியோக்காரர் சொன்னதில் அந்த ஒரு வரி மட்டும் சரி. ஆனால் எந்த என்சைம், எங்கே இருக்கிறது, யார் சொல்லி வேலை செய்கிறது என்று பார்த்தால் அந்தக் கேப்சூல் தானாகக் கழன்றுபோகும். நீங்கள் நகைத் தொழில் செய்கிறவர் என்பதால் எனக்கு விளக்குவது சுலபம். செல் செய்வதை நீங்கள் தினமும் பட்டறையில் செய்கிறீர்கள்.

அரத்தூளை நீங்கள் குப்பை என்று ஊதித் தள்ள மாட்டீர்கள். தரையைப் பெருக்கிய தூசி, கை கழுவிய தண்ணீர்த் தொட்டியின் அடிமண், தேய்ந்துபோன துணி, எல்லாவற்றையும் சேர்த்து வைப்பீர்கள். அதை எரித்து, அலசி, திராவகத்தில் போட்டால் சேதாரமாகப் போன தங்கத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். ஆட்டோபேஜியும் அதுதான். கிரேக்கச் சொல், 'தன்னையே தின்பது' என்று பொருள். 1963-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் டி டூவ் வைத்த பெயர். செல்லுக்குள் பழுதான புரதம், ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற உறுப்பு) போன்றவற்றை ஒரு பை வளைத்துப் பிடிக்கிறது. அந்தப் பை, லைசோசோம் என்கிற அமிலக் குடுவையோடு போய்ச் சேர்கிறது. அங்கே எல்லாம் உடைந்து அமினோ அமிலமாக, கொழுப்பாக, சர்க்கரையாகத் திரும்பி வருகிறது. இதைக் 'கழிவு நீக்கம்' என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. எதுவும் வெளியே போவதில்லை, மூலப்பொருள் மீட்கப்படுகிறது. ஒரு பெரிய ஆள் நாளைக்கு 60, 70 கிராம் புரதம் சாப்பிட்டால், உடம்பு அதே நாளில் 200 முதல் 300 கிராம் புரதத்தைத் தனக்குள் உடைத்து மறுபடி கட்டுகிறது. (இந்த உடைப்பு முழுவதும் ஆட்டோபேஜி அல்ல, புரோட்டியசோம் என்று வேறொரு கருவியும் இருக்கிறது.) மீதி எங்கிருந்து வருகிறது? சேதாரத்திலிருந்துதான்.

இதில் என்சைம்கள் இரண்டு வகை வேலை பார்க்கின்றன. உடைக்கிறவை ஒரு கூட்டம், கட்டளையிடுகிறவை இன்னொரு கூட்டம். உடைக்கிறவற்றை லைசோசோமுக்குள்தான் வைத்திருக்கிறது செல். புரதத்தை நறுக்கும் கத்தெப்சின்கள், கொழுப்பை, சர்க்கரையை, மரபுப் பொருளை உடைப்பவை என்று சுமார் 60 வகை. நான் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது லைசோசோமுக்குப் பாடத்தில் இருந்தது அரைப் பக்கம். 'தற்கொலைப் பை' என்று ஒரு பட்டப்பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பட்டப்பெயர் பாவம், லைசோசோமுக்கு அநியாயம் செய்துவிட்டது. உள்ளே பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5-லிருந்து 5 வரை, நல்ல புளிப்பு. வெளியே செல்லின் நீரில் 7-க்குச் சற்று மேலே. இந்த என்சைம்களில் பெரும்பாலானவை புளிப்பில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். தவறி வெளியே சிந்தினாலும் வேகம் குறைந்துவிடும். திராவகத்தைக் கண்ணாடிக் குடுவையில் வைப்பது ஒரு காவல், சிந்தினாலும் பெரிய சேதம் வராதபடி இருப்பது இரண்டாவது காவல். அந்தப் புளிப்பைக் காப்பாற்ற, குடுவையின் சுவரில் புரோட்டான்களை உள்ளே இறைக்கும் பம்பு ஒன்று ஓயாமல் ஓடுகிறது. அதுவும் ஒரு என்சைம்தான்.

கட்டளையிடுகிற கூட்டம்தான் சுவாரசியமானது. பட்டறையில் ஆர்டர் குவிந்திருக்கும் நாளில் தூசி அள்ள யாரும் உட்கார மாட்டார்கள். முதலாளி, 'இப்போது செய்கிற வேலையைப் பார், பெருக்குவது அப்புறம்' என்பார். செல்லில் அந்த முதலாளியின் பெயர் எம்டார். இது ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற முத்திரையைக் குத்துகிற என்சைம். அமினோ அமிலம் நிறைய இருக்கிறது, இன்சுலினும் ஏறியிருக்கிறது என்றால் எம்டார் விழித்திருக்கும். அது யுஎல்கே1 என்கிற இன்னொரு கைனேஸின் புரதச் சங்கிலியில் 757-ஆம் இடத்தில் முத்திரை குத்தும். யுஎல்கே1 அடங்கிவிடும், ஆட்டோபேஜி தணியும். சாப்பாடு குறைந்து எம்டார் அசந்தால் அந்த முத்திரை விழுவது நின்று யுஎல்கே1 எழும்பும்.

எதிர்ப்பக்கத்தில் ஏஎம்பிகே என்று ஒரு கைனேஸ். செல்லின் கல்லாப்பெட்டியில் சக்தி குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பது இது. 2011-ல் வந்த ஆய்வு, ஏஎம்பிகே அதே யுஎல்கே1-ன் மேல் 317, 777 ஆகிய இடங்களில் முத்திரை குத்தி அதை எழுப்புகிறது என்று காட்டியது. (இந்த எண்கள் எலியின் யுஎல்கே1-ஐ வைத்துச் சொல்வது.) பாருங்கள், முத்திரை ஒன்றேதான். குத்துகிற இடம் மாறினால் அர்த்தம் தலைகீழாகிறது. பல வருடம் மாணவர்களுக்கு இதை ஆசையாகச் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் 2023-ல் வந்த ஒரு ஆய்வு, சக்திப் பஞ்சம் வரும்போது ஏஎம்பிகே ஆட்டோபேஜியை அடக்கவும் செய்கிறது, கருவிகளை அழியாமல் காத்து வைப்பதுதான் அதன் வேலை என்று சொன்னது. வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதிலேயே ஊறிக் கிடக்கிறவர்கள் இப்படி அடித்துக்கொண்டிருக்க, கேப்சூல் விற்கிறவருக்கு மட்டும் 16-ஆவது மணி, 36-ஆவது மணி எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது!

யுஎல்கே1 எழுந்த பிறகு நடப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விபிஎஸ்34 என்ற என்சைம் ஒரு சவ்வில் அடையாளம் போட்டு, பை இங்கே விரியட்டும் என்கிறது. ஏடிஜி4 என்ற கத்தரி, எல்சி3 என்ற புரதத்தின் வாலை நறுக்கித் தயார் செய்கிறது. ஏடிஜி7, ஏடிஜி3 இரண்டும் அந்த எல்சி3-ஐக் கைமாற்றிக் கொண்டுவந்து ஒரு கொழுப்பு மூலக்கூறோடு பற்றவைக்கின்றன. உங்கள் பாஷையில் பொடி வைத்து ஊதுகிற வேலை. பை முழுதாக மூடியதும் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிற எல்சி3-ஐ அதே கத்தரி வெட்டி மீட்டுக்கொள்கிறது. அதிலும் சேதாரம் விடக் கூடாதாம்.

கடைசியில் நடப்பதுதான் உங்கள் 72 மணி நேரக் கேள்விக்குப் பதில். முதலாளி எம்டார் வேலை பார்க்கிற இடம் எது தெரியுமா? லைசோசோமின் வெளிச்சுவர். குடுவைக்குள் உடைந்த புரதத்திலிருந்து அமினோ அமிலம் வெளியே வருவதை அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறது. மீட்ட தங்கம் கைக்கு வந்துவிட்டது என்றதும் மறுபடி விழித்துக்கொண்டு ஆட்டோபேஜியைக் குறைக்கிறது. 2010-ல் செல்களை வளர்த்து வைத்து நடத்திய ஆய்வில் இது தெரிந்தது. பட்டினியைத் தொடர்ந்தும்கூட எம்டார் திரும்ப எழுந்தது. ஆட்டோபேஜி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிற காரியம். இரண்டு மடங்கு நேரம் பட்டினி கிடந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்ற கணக்கு அதனிடம் செல்லாது. நீண்ட பட்டினியில் உடம்பு மீதிச் செலவுக்கு எதை எடுக்கும்? கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைகோஜன் ஒரு நாள் சுமாருக்குத்தான் வரும். அப்புறம் கொழுப்பு கரையும், கூடவே தசையும். ஐம்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரருக்குத் தசை என்பது கையிருப்புத் தங்கம். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அதுதான். அதை உருக்கித் தூசியைக் காப்பாற்றுவது என்ன வியாபாரம்?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இன்சுலின் எம்டாரை எழுப்பும், எம்டார் ஆட்டோபேஜியை அடக்கும் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் அன்றைக்குப் பட்டினியும் கிடந்தீர்கள், இன்சுலினைத் தூண்டும் மாத்திரையும் போட்டீர்கள். ஆட்டோபேஜிக்காக விரதம் இருந்த நாளில் அதை அடக்குகிற ஹார்மோனை நீங்களே உள்ளே ஓடவிட்டிருக்கிறீர்கள். மயக்கம் வந்ததுதான் மிச்சம். இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் விரத நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறேன்' என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

16 மணி, 36 மணி என்கிற எண்கள் எங்கிருந்து வந்தன? எலியிடமிருந்து நிறைய வந்தது. எலியை 24 மணியோ 48 மணியோ பட்டினி போட்டுக் கல்லீரலை எடுத்துப் பார்ப்பார்கள். கைப்பிடி அளவு உயிர், இதயம் படபடவென்று அடிக்கிற பிராணி. அதற்கு இரண்டு நாள் பட்டினி என்பது சாவை எட்டிப் பார்க்கிற விஷயம். அதன் மணிக்கணக்கை அப்படியே மனிதனுக்கு மாட்டக் கூடாது. மனிதனில் ஆட்டோபேஜியை அளக்க ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. உங்கள் தெருமுனை லேபிலும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி லேபிலும் இல்லை. ஆராய்ச்சிக்காகத் தசையில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பார்த்தாலும் அளவைச் சொல்வது சிரமம். ஏன் சிரமம் என்பது உங்களுக்குப் பிடிக்கும், கேளுங்கள்.

ஜப்பானில் யோஷினோரி ஓசுமி என்று ஒரு விஞ்ஞானி. ரொட்டி உப்புவதற்குப் போடுகிற அதே ஈஸ்டை வைத்து ஆட்டோபேஜியைப் பார்க்க நினைத்தார். ஈஸ்டின் அமிலக் குடுவைக்கு வெற்றிடப்பை என்று பெயர். பை வந்து விழுந்தவுடன் உள்ளே இருக்கிற என்சைம்கள் அதை உடைத்துவிடுகின்றன. பிறகு எதைப் பார்ப்பது? அதனால் உடைக்கிற என்சைம்கள் இல்லாத ஈஸ்டைத் தேர்ந்தெடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்துக்குள் வெற்றிடப்பைக்குள் குட்டிப் பைகள் குவிந்து துள்ளுவது சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தது. 1992-ல் அதை வெளியிட்டார். அடுத்த வருடம், பட்டினி போட்டாலும் பை குவியாத ஈஸ்டுகளைத் தேடி, ஆட்டோபேஜிக்கு அவசியமான 15 மரபணுக்களின் பட்டியலைக் கொடுத்தார். 2016-ல் அவருக்கு நோபல் பரிசு. திராவகத்தை எடுத்துவிட்டதால்தான் தூசி மூட்டை கண்ணுக்குத் தெரிந்தது.

இதை உங்கள் பட்டறைக்குத் திருப்பிப் பாருங்கள். மூலையில் பத்துத் தூசி மூட்டை கிடக்கிறது. வருகிறவன் என்ன நினைப்பான்? 'ஆகா, இங்கே நன்றாகப் பெருக்குகிறார்கள்' என்று நினைக்கலாம். தூசி வாங்குகிற ஆள் மூன்று மாதமாக வரவில்லை என்பது நிஜமாக இருக்கலாம். மூட்டையை மட்டும் எண்ணி இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஆட்டோபேஜி அளவீட்டில் இந்தக் குழப்பம் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களை இடறிவிடுகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை லைசோசோமின் புளிப்பைக் குறைத்து உடைக்கும் என்சைம்களை மந்தமாக்கும். அதைக் கொடுத்தால் செல்லில் பைகள் அதிகமாகத் தெரியும், ஆட்டோபேஜியோ முடியாமல் பாதியில் நிற்கும். ஆகவே 'எங்கள் கேப்சூலால் ஆட்டோபேஜி இத்தனை சதவீதம் கூடியது' என்று ஒரு அட்டையில் பார்த்தால், எந்த மூட்டையை எப்படி எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது கேப்சூல். பப்பைன் என்பது பப்பாளிப் பாலில் இருக்கிற என்சைம். கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயில் ஒரு துண்டு போட்டு வேகவைப்பார்களே, அந்தச் சரக்குதான். புரோமலைன் அன்னாசியில் இருப்பது. அமைலேஸ் மாவுச்சத்தையும் லைபேஸ் கொழுப்பையும் உடைப்பவை, உங்கள் எச்சிலிலும் கணைய நீரிலும் ஏற்கெனவே இருக்கின்றன. நான்குமே செரிமான என்சைம்கள். நான் மேலே சொன்ன கத்தெப்சின், எம்டார், யுஎல்கே1, ஏடிஜி7 எதுவும் இந்த அட்டையில் இல்லை. என்சைம் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு வேறு ஆளை உள்ளே அனுப்பப் பார்க்கிறார்கள்.

சரி, கத்தெப்சினையே போட்டு விற்றாலும் ஆகாது. என்சைம் என்பது புரதம். வாய் வழியாகப் போனால் வயிற்றிலும் குடலிலும் பெரும்பாலும் கறித்துண்டைப் போலவே செரிந்துவிடும். தப்பிப் பிழைத்த துளி ரத்தத்துக்கு வந்தாலும் செல்லின் சவ்வைத் தாண்ட வேண்டும், அப்புறம் லைசோசோமின் சவ்வைத் தாண்ட வேண்டும். விலாசம் இல்லாத தபால் எந்த வீட்டுக்கும் போய்ச் சேராது.

விலாசம் எழுதி அனுப்பினால் போய்ச் சேரும் என்பதும் உண்மை, அதையும் சொல்ல வேண்டும். போம்பே (Pompe) என்று ஒரு பிறவி நோய் இருக்கிறது. லைசோசோமில் கிளைகோஜனை உடைக்கிற ஒரே ஒரு என்சைம் இல்லாமல் குழந்தை பிறக்கும். குடுவைகள் கிளைகோஜனால் உப்பி, தசைக்குள் ஆட்டோபேஜிப் பைகள் போக்கிடமின்றி அடைந்துகிடக்கும். கோஷே என்ற நோயில் இன்னொரு என்சைம் குறைவு. கோஷே நோய்க்கு 1991-லும் போம்பே நோய்க்கு 2006-லும் என்சைம் மருந்து வந்தது. அந்த என்சைமின் மேல் ஒருவகைச் சர்க்கரையை விலாசமாக ஒட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தும் எல்லாத் தசைக்கும் போய்ச் சேருவதில்லை. ஒரு குறிப்பிட்ட என்சைம் இல்லாதவருக்கு அதைக் கொடுக்கவே இவ்வளவு பாடு. உங்களுக்கு எந்த என்சைமும் குறைவில்லை. கட்டளை நேரத்துக்கு வந்தால் அவை வேலை செய்யும்.

அதனால் 2,400 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப் டப்பாவும் வாங்கிப் பட்டறை மேசையில் வையுங்கள்.

பிறகு கட்டளை நேரத்துக்கு வர என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆட்டோபேஜி சுவிட்சைப் போல் முழுக்க அணைந்து முழுக்க எரிகிற விஷயமல்ல. எப்போதும் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும், கூடும், குறையும். 2006-ல் ஜப்பானிய ஆய்வுக் குழுக்கள் இரண்டு, எலியின் மூளையில் மட்டும் ஏடிஜி5, ஏடிஜி7 மரபணுக்களை எடுத்துவிட்டுப் பார்த்தன. பட்டினி எதுவும் போடவில்லை, வேளாவேளைக்குத் தின்ற எலிகள். அப்படியும் நரம்புச் செல்களில் புரதக் கட்டிகள் சேர்ந்து, எலிகள் தடுமாற ஆரம்பித்தன. அன்றாடம் சத்தமில்லாமல் நடக்கும் பெருக்கல்தான் மூளையைக் காத்துவந்தது என்று அதில் தெரிந்தது. உச்சம், புரட்சி எதுவும் தேவைப்படவில்லை.

அந்த அன்றாட வேலைக்கு இரவு இடைவெளி வேண்டும். மதுரையில் அதுதானே சிக்கல். பட்டறையை மூடும்போது மணி பத்து, வழியில் பரோட்டாக் கல் தட்டுகிற சத்தம் கூப்பிடுகிறது. பத்தரைக்கு நாலு பரோட்டா, சால்னா, காலையில் ஆறரைக்குச் சர்க்கரை போட்ட காப்பி. இன்சுலின் இறங்கி உட்காரவே நேரமில்லை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்துவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். காலை கிளிமிபிரைடைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருக்காவிட்டால் இந்த அளவு உங்களுக்குப் போதும், 16-க்குத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

இன்னொன்று நடை. 2012-ல் வந்த ஒரு ஆய்வில் எலிகளை ஓடவிட்டார்கள். அரை மணியிலேயே தசையில் ஆட்டோபேஜி கூடியது, எண்பது நிமிடத்தோடு அதற்கு மேல் ஏறவில்லை. ஓடினால் ஆட்டோபேஜி கூடாதபடி மாற்றி வளர்த்த எலிகளுக்கு, ஓட்டத்தால் கிடைக்க வேண்டிய சர்க்கரைக் கட்டுப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை. மனிதனுக்கு எத்தனை நிமிடம் என்று இதிலிருந்து கணக்குப் போடக் கூடாது, போட்டால் நானும் அந்த வீடியோக்காரரும் ஒன்று. ஆனால் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்பதற்கு எலியின் சாட்சி தேவையில்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து செய்கிற தொழில் உங்களுடையது. விடியக்காலையில் நாலு மாசி வீதியையும் சுற்றி வாருங்கள், வண்டி நெரிசல் தொடங்குவதற்கு முன்னால். மெட்பார்மினும் ஏஎம்பிகே-யைத் தூண்டுகிற மருந்துதான் என்பது 2001-லிருந்து தெரிந்த சேதி. ஆயுளை நீட்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தேடிப் போகிற மாதிரி ஒரு சரக்கு, சில ரூபாய் விலையில், ஒன்பது வருடமாக உங்கள் மருந்து டப்பாவிலேயே இருக்கிறது என்கிறேன்.

விரதத்துக்கு வருவோம். சஷ்டிக்கு இருக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பரங்குன்றத்துக்குப் போய்வருகிறவரிடம் அப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு எனக்குத் தெரியாமல் இருப்பீர்கள், அது இன்னும் ஆபத்து. நீங்கள் இத்தனை வருடம் இருந்தது ஒருபொழுது. பகலில் பாலும் பழமும் உண்டு, ஒரு வேளை சாப்பாடும் உண்டு. அந்த முறையே இருக்கட்டும், தண்ணீர் மட்டும் குடிக்கிற 36 மணி நேரம் வேண்டாம். அதற்கும் முன்னால் உங்கள் மருத்துவரிடம் போய், இந்தத் தேதியில் ஒருபொழுது இருக்கிறேன், அன்றைக்கு கிளிமிபிரைடை என்ன செய்வது என்று கேளுங்கள். பொதுவாக விரத நாளில் அதைக் குறைப்போம், அல்லது சாப்பிடுகிற வேளைக்கு மாற்றுவோம், சிலருக்கு அன்றைக்கு விட்டுவிடச் சொல்வோம். எது உங்களுக்கு என்பது உங்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எல்லாம் பார்த்து அவர் சொல்ல வேண்டியது. போன சஷ்டியில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தையே மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய அவருக்கு அந்தச் சாயங்காலம்தான் முக்கியமான தகவல். 'கிளிப்லோசின்' என்று முடிகிற பெயருள்ள மாத்திரை ஏதாவது பிற்பாடு எழுதித் தந்தால் அப்போதும் விரதத்தைப் பற்றிக் கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறுகிற ஆபத்து உண்டு. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். விரத நாளில் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மீட்டரில் பாருங்கள், நெருப்பு வேலையை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

உங்கள் அண்ணன் விஷயம். பார்க்கின்சனுக்கும் இந்த என்சைம்களுக்கும் தொடர்பு இருப்பது மெய்தான். பிங்க்1 என்ற கைனேஸும் பார்க்கின் என்ற இன்னொரு என்சைமும் சேர்ந்து பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அடையாளம் குத்தி ஆட்டோபேஜிக்கு அனுப்புகின்றன. இந்த இரண்டில் ஒன்றின் மரபணு பழுதானால் இளவயதிலேயே பார்க்கின்சன் வரலாம் என்பது உறுதியாகத் தெரிந்திருக்கிறது. வீடியோக்காரர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கேப்சூல் வரைக்கும் இழுத்துவிட்டார். பப்பாளி என்சைம் மூளைக்குப் போய் எதையும் பெருக்காது. அண்ணன் பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதன் நேரத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்துவது அபாயம். புரதம் அதிகமான சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது, அரை மணி முன்னால் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதுவரை நரம்பியல் மருத்துவரையே பார்க்கவில்லை என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, கூட நீங்களே போங்கள்.